இரண்டு பட்டியலிலும் இல்லாத கீரை

நெஞ்சுக்குள் உலோக வால்வு வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை வரிசையில் உங்களில் பாதிப் பேரின் முகம் எனக்குப் பழக்கம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்கக் கூடாது என்று இல்லை. ஆனால் படித்துவிட்டு "பாவம் மாமி" என்று யாரும் என்னிடம் வந்து உச்சுக்கொட்ட வேண்டாம். அதை ஆஸ்பத்திரியிலேயே வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது.

என் பெயர் பத்மா, வயது ஐம்பத்தேழு. திருவனந்தபுரத்தில் கோட்டைக்குப் பக்கத்து அக்ரஹாரத் தெரு ஒன்றில் முப்பத்திரண்டு வருஷமாகக் குடித்தனம். சின்ன வயதில் மூட்டு வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. மூட்டு சரியாகிவிட்டது. ஆனால் இதயத்தின் இடப்பக்கம் இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கிற கதவை அந்தக் காய்ச்சல் அரித்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கதவைத்தான் வால்வு என்கிறார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிளந்து, பழைய கதவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார்கள். அரைவட்டமாக இரண்டு தகடுகள், திறந்து மூடும். மூடும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் அமைதியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கும்.

உலோக வால்வில் ஒரு சங்கடம், ரத்தம் அதன்மேல் போய் உறையப் பார்க்கும். உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க தினம் ஒரு மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். என்று ஒரு எண் சொல்வார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதுதான் அந்த எண். எனக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி பிடிக்கும், கூடினால் எங்காவது ரத்தம் கசியும். இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் பதினோரு வருஷம் நான் ஒழுங்காக நடந்தேன்.

ஒழுங்காக நடக்க வைத்தவர் இவர், என் வீட்டுக்காரர். அரசாங்கத் தணிக்கை ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றினதும் ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் மாத்திரை. "பத்மா, கையை நீட்டு." நான் விழுங்கித் தொண்டை இறங்கும் வரை நகர மாட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். குழந்தையா நான்?

இந்த மனுஷர் ஆத்தில் பெருமாள் இருக்கிறார், சாளக்கிராமம். நித்ய பூஜை. அதனால் வெங்காயம், பூண்டு வாசல் தாண்டி உள்ளே வரக் கூடாது. ஹோட்டலில் கூட இவர் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார், முக்கால்வாசி சமயம் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். என் அப்பா தென்காசிப் பக்கம் ரயில்வேயில் இருந்தவர். எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் போடாமல் சாம்பார் கிடையாது. கல்யாணம் ஆன அன்றோடு நிறுத்தினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. அவ்வளவுதான்.

சாலைக் கடைத்தெருவில் நான் காய் வாங்குவது துரையிடம். மார்த்தாண்டத்துப் பையன்தான், இப்போது அவனுக்கே நாற்பது வயது. கேரட், புரோக்கோலி, செலரி என்று ஊட்டிக் காய்களைக் கோவளத்து ஹோட்டல்களுக்கு அனுப்புகிறவன். நாலு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் கடையில் பச்சைப் பசேலென்று தடித்த தாள்கள் குவிந்து கிடந்தன. கிட்டப் போனதும் எனக்கு மூக்கு விடைத்தது.

"இது என்னது துரை?"

"லீக்ஸ் மாமி. வெள்ளத் தண்டு ஹோட்டலுக்குப் போயிரும். இந்தப் பச்ச ஆருக்கும் வேண்டாம். கொண்டுபோயி வச்சுப் பாருங்க, நல்ல சத்தாக்கும்."

"மணம் ஒரு மாதிரி இருக்கே?"

"உள்ளிக் குடும்பந்தான். ஆனா உள்ளி இல்ல மாமி."

உள்ளி என்றால் எங்கள் பக்கம் வெங்காயம். அவன் சொன்ன இரண்டு வாக்கியத்தில் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மெல்லிசாக நறுக்கி, தேங்காய் போட்டு வதக்கி இலையில் வைத்தேன். இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "வாசனை என்னமோ போல இருக்கே. என்ன இது?"

"ஊட்டிக் கீரை. லீக்ஸ்னு பேர். எவ்வளவு சத்து தெரியுமோ?" என்று ஃபோனை எடுத்துப் படித்தேன். எலும்புக்கு வைட்டமின் கே, கண்ணுக்கு வைட்டமின் ஏ, புது ரத்தம் ஊற ஃபோலேட், அப்புறம் மாங்கனீஸ், நார்ச்சத்து. வெள்ளைத் தண்டைவிடப் பச்சை இலையில்தான் கே-யும் ஏ-யும் ஜாஸ்தி என்று வேறு போட்டிருந்தது. அதையும் சேர்த்து வாசித்தேன், வெற்றி கண்ட குரலில்.

"இத்தனையா?" என்றார். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். சத்து என்று சொன்னால் போதும், இவர் மயங்கிவிடுவார். என் வாயில் முப்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த ருசி. சமையலறைக்குப் போய் வாணலியில் ஒட்டினதை விரலால் வழித்து நின்றபடியே சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

அதற்கப்புறம் சாம்பாரில் லீக்ஸ், அடையில் லீக்ஸ், மோர்க்குழம்பில் கூட லீக்ஸ். பெருமாளுக்கு நைவேத்யத்தை மட்டும் முதலிலேயே தனியாகச் செய்து எடுத்து வைத்துவிடுவேன். அந்த பயம் இருந்தது. வேறு எந்த பயமும் இல்லை. வால்வு வைத்தபோது ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் ஒரு தாள் தந்திருந்தார்கள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை: சீரை, அதாவது நம் கீரை, முருங்கை இலை, முட்டைக்கோஸ். பதினோரு வருஷமாக அவற்றை நான் தொட்டதில்லை. அடியில் பொடி எழுத்தில், புதிய இலைக்கறி எதுவானாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடவும் என்றும் இருந்தது. எனக்கு லீக்ஸ் இலைக்கறி இல்லையே, உள்ளியல்லவா? வீட்டில் அது கீரை என்று உள்ளே வந்தது. என் மனசில் அது கீரை இல்லை என்று உள்ளே போனது. சத்து மயக்கத்தில் இவருக்கும் அந்தத் தாள் தோன்றவில்லை. போதாததற்கு, எண் எப்போதும் சரியாக இருக்கிறதே என்ற மமதையில் மூன்று மாசமாக ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. மழை, கால்வலி, விருந்தாளி. சாக்கு சொல்ல எனக்கா தெரியாது?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயசு என்றேன். இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிந்தது. வாயு என்றேன். ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்று வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் பேப்பரை இறக்கினார்.

"பத்மா, உன் சத்தம் எங்கே?"

"என்ன சத்தம்?"

எழுந்து வந்து என் நெஞ்சுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் இவர் என்னிடம் அவ்வளவு கிட்டத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. "மங்கிப் போச்சு. கேக்கவே மாட்டேங்கறது," என்றார். முகம் வெளுத்துவிட்டது. நான் என்னென்னமோ சொன்னேன். கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு, கட்டின புடவையோடு என்னை ஏற்றிவிட்டார். அன்றைக்கு இவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதையை எழுத ஆள் இருந்திருக்காது.

எமர்ஜென்சியில் பிளாஸ்டிக் நாற்காலி, என் கையில் ஒரு நம்பர் சீட்டு. நம்பர் வருமுன்பே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, விஷயம் பெரிசு என்று. எக்கோ எடுத்தார்கள், அதாவது ஒலி அலையை வைத்து இதயத்தைத் திரையில் பார்ப்பது. அது போதாதென்று தொண்டை வழியாக ஒரு குழாயை இறக்கிப் பின்பக்கத்திலிருந்தும் பார்த்தார்கள். தொண்டையை மரக்க வைத்தாலும் ஓங்கரிப்பு நிற்காது. அதற்கப்புறம் எக்ஸ்ரேயைப் படம் போல ஓடவிட்டு வால்வைக் காட்டினார்கள். இரண்டு தகடுகளில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்று அசையவே இல்லை.

டாக்டர் ஒரு பெண்மணி, என் பெண் வயதுதான் இருக்கும். மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசுவாள். "அம்மா, வால்வில ரத்தக்கட்டி பிடிச்சிருக்கு. ஐ.என்.ஆர். ரொம்பக் குறைவு. மருந்து முடங்கியோ? ஒருநாள் ரெண்டுநாள் விட்டுப்போச்சோ?"

"ஒருநாளும் விட்டதில்லை," என்றேன் கோபமாக.

"இலக்கறி? சீரை, முருங்கை?"

"வாசலில் கூட வரலை."

இவர் என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் லீக்ஸ் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. மாத்திரை முடங்கியோ என்று கேட்டார்களே, அதிலேயே அவர் மனசு நின்றுவிட்டது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டு வழி இருக்கிறது என்றாள் டாக்டர். ஒன்று, கட்டியைக் கரைக்கிற மருந்தை ட்ரிப்பில் ஏற்றுவது. கட்டி கரையும்போது துண்டு உடைந்து மூளைக்குப் போகலாம், இல்லாவிட்டால் மூளையிலேயே ரத்தம் கசியலாம். இரண்டாவது, மறுபடியும் நெஞ்சைப் பிளந்து வால்வை மாற்றுவது. ஒருமுறை பிளந்த நெஞ்சை மறுபடி பிளப்பது முதல் தடவையைவிட ஆபத்து. முதலில் மருந்து, கேட்காவிட்டால் ஆபரேஷன். இவர் கையெழுத்துப் போட்டார். முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் கையெழுத்துப் போட்ட கை, கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

ஐ.சி.யு.வைப் பற்றி என்ன சொல்ல? என் கட்டில் மூலையில். ஜன்னல் உண்டு, அதற்கு வெளியே இன்னொரு சுவர். இரண்டு கையிலும் ஊசி, நெஞ்சில் ஒயர்கள், விரலில் க்ளிப், கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. ரத்தம் உறையாத நேரம் என்பதால் எதுவும் செய்யக் கூடாது. பல் தேய்க்கக் கூடாது, தலை வாரக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. திரும்பிப் படுக்கக் கூட ஆளைக் கூப்பிட வேண்டும். முதுகு அரித்தால் அரித்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். அழுதால் கண்ணைத் துடைக்கக் கையை மடக்க முடியாது, அதனால் அழுகையையும் அடக்கிக்கொண்டேன்.

மணிக்கு ஒருதரம் ஷைனி என்ற நர்ஸ் வருவாள். "அம்மே, ஒண்ணு சிரிக்கு." சிரித்துக் காட்ட வேண்டும். "கை ரெண்டும் பொக்கு." தூக்க வேண்டும். "பேரு பறையு." பேரைச் சொல்ல வேண்டும். வாய் ஒருபக்கம் கோணுகிறதா, கை ஒன்று தாழ்கிறதா என்று பார்க்கிறார்களாம், கட்டி மூளைக்குப் போனால் அப்படி ஆகும். என் ஜன்மத்தில் நான் இவ்வளவு சிரித்ததில்லை. ஒரு தடவை, "சிரிக்க மனசில்லைடி பெண்ணே," என்றேன். "மனசு வேண்டா அம்மே, வாய் மதி," என்றாள். வாய் போதுமாம். சிரித்தேன்.

மறுநாள் காலையில் டயட்டீஷியன் வந்தாள், உணவு ஆலோசனை சொல்கிற பெண். கையில் ஒரு புதுத் தாள். அதன் தலைப்பை அவளே படித்தாள், வைட்டமின் கே அதிகம் உள்ள உணவுகள் என்று. எனக்கு சுருக்கென்றது.

"கே-க்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். என் மாத்திரையின் வேலையே அந்தக் கே-யை வேலை செய்யவிடாமல் தடுப்பதுதான். சாப்பாட்டில் கே கூடினால் மாத்திரை தோற்றுப்போகும். எல்லாருக்கும் அது நல்ல சத்து, மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டிய சத்து. ஃபோனை வைத்துக்கொண்டு இவர் முன்னால் நான் வாசித்தது என் காதிலேயே கேட்டது. பட்டியலில் முதலில் இருந்ததே அதுதான். நானே வாசித்தேன், நானே ஜெயித்தேன், நானே நாலு மாசம் பச்சை இலையாகப் பார்த்துப் பார்த்துத் தின்றேன்.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவள் தாளில் எழுதுவாள், டாக்டர் கேட்பாள், இவர் காதுக்குப் போகும். உள்ளியை நாலு மாசம் இந்த மனுஷருக்குத் தெரியாமல் ஊட்டியிருக்கிறேன். இந்தக் கட்டிலில் கட்டிப் போட்டிருக்கிற நிலையில் அதைச் சொல்லிவிட்டு எங்கே போவேன், எழுந்து அடுத்த அறைக்குக் கூடப் போக முடியாதே? மருந்துதான் ஏறுகிறதே, கட்டி கரைந்துவிடும், வீட்டுக்குப் போய் லீக்ஸை நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து நாலரை. இவர் ஃப்ளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தார். அடுப்புப் பக்கம் போகாத மனுஷர், பக்கத்து வீட்டு லலிதாவிடம் கேட்டுக் கேட்டு வைத்த கஞ்சி. அடியில் பிடித்திருந்தது. ஸ்பூனால் எனக்கு ஊட்டினார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்தார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

"மூணு மாச அட்டையையும் எண்ணினேன். எண்ணிக்கை சரியா இருக்கு. ஆனா ரெண்டு நாள் முன்னாடி சாவியை ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுத் தேடினேன், ஓர்மையிருக்கோ? மாத்திரையைப் பிரிச்சுட்டு உன் கையில தராம எங்கேயாவது வெச்சிருப்பேன். ஒண்ணில்ல, பல நாள். எனக்கு இப்போ எதுவும் நிக்கறதில்ல பத்மா."

"சும்மா இருங்கோ."

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். மறந்தது நான்தான்னு. இனிமே மாத்திரையை நம்ம பொண்ணு பாத்துக்கட்டும். புனேலேர்ந்து வராளாம், உன்னை அங்கேயே கூட்டிண்டு போறதா இருக்கா. எனக்கும் ஞாபக சக்திக்கு ஏதோ டெஸ்ட் எடுக்கணுமாம். சரின்னுட்டேன்." மாத்திரை டப்பாவை எடுத்து ஷைனியிடம் நீட்டினார். "இது உங்க கையிலயே இருக்கட்டும். நான் தந்தா சரியாகாது."

ஷைனி என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டாள். பதினோரு வருஷம், ஆறு மணி, ஒரு நாள் தவறாத கை. அந்தக் கையைத் திருடன் கை போலப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன்னா, நீங்க மறக்கல."

"விடு, எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்."

"ஆறுதலும் இல்ல ஒண்ணும் இல்ல. லீக்ஸ். அந்த ஊட்டிக் கீரை. அதுலதான் வைட்டமின் கே. நாலு மாசமா மூணு வேளையும் போட்டேன். மாத்திரையை அதுதான் தோக்கடிச்சிருக்கு."

"கீரையா? கீரை கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"கீரைன்னு உங்ககிட்ட சொன்னேன். அது கீரை இல்ல. உள்ளி. உள்ளி வகை. துரை சொன்னான், தெரிஞ்சுதான் வாங்கினேன். நீங்களும் நாலு மாசமா அதைத்தான் சாப்பிட்டிருக்கேள்."

பக்கத்துக் கட்டிலில் ஏதோ மெஷின் கூவியது. இவர் முகம் அசையவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பெருமாளுக்கு?"

"இல்ல. நைவேத்யத்துல போடல. ஒருநாளும் போடல. சத்தியம்."

தலையை ஆட்டினார். ஃப்ளாஸ்கை மூடினார். நாலரை ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது, இருந்தும் வெளியே போய்விட்டார். "ஏன்னா" என்று கூப்பிட்டேன். எழுந்திருக்கப் பார்த்தேன். நெஞ்சிலிருந்த ஒயர் ஒன்று கழன்று மெஷின் கத்தியது. ஷைனி ஓடிவந்து இரண்டு தோளையும் பிடித்து அமுக்கினாள். "அம்மே, அனங்கருது!" அசையாதே என்று. அசையாமல் கிடந்தேன். வேறென்ன செய்வது? என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். போய்விட்ட மனுஷரிடம் எதைச் சொல்வது?

ஷைனி டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல வேளை சொன்னீங்க அம்மா. மருந்து முடங்கினதுன்னு நினைச்சிருந்தோம். முடங்கலைன்னு மட்டும் சொல்லி லீக்ஸை மறைச்சிருந்தா டோஸ் கூட்டியிருப்போம். டோஸைக் கூட்டி, வீட்டுக்குப் போய் நீங்க லீக்ஸை நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமோ? தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்." நான் போட்ட கணக்கின் விடை அது.

மூன்றாம் நாள் மறுபடி அந்த எக்ஸ்ரே அறை. ஒரே குளிர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆபரேஷன் என்று சொன்னால் இவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போக வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் அப்போது என் பயம். நெஞ்சைப் பிளப்பதுகூட இல்லை. "அம்மா, கண்ணைத் திறந்து பாருங்கோ," என்றாள் டாக்டர். திரையில் இரண்டு தகடுகளும் ஆடின. இரண்டாவது கொஞ்சம் சோம்பலாக, ஆனால் ஆடியது. ஆபரேஷன் வேண்டாம். அங்கேயே ஓவென்று அழுதேன். யாரும் சிரிக்கச் சொல்லவில்லை.

வார்டுக்கு மாற்றினார்கள். ஹெப்பாரின் என்ற மருந்தை ஒரு சின்ன மெஷின் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்கும், மாத்திரை பிடிக்கும் வரை ரத்தத்தை உறையாமல் காப்பாற்ற. அந்த மெஷினோடு என்னை ஒரு குழாயால் பிணைத்திருந்தார்கள். பாத்ரூம் போனால் அதுவும் கூடவே வரும். இவர் தினமும் வந்தார். கஞ்சி தந்தார், புடவையை மடித்தார், மாத்திரை நேரத்துக்கு நர்ஸைக் கூப்பிட்டார். பேச்சு மட்டும் இல்லை. வேணும், வேண்டாம், சரி. இந்த மூன்று வார்த்தையில் இரண்டு நாள் ஓடியது. ஆறு அடிக் கட்டிலில், ஒரு குழாய் நீளத்துக்குள், பேசாத மனுஷர் ஒருவரோடு அடைபட்டுக் கிடந்து பாருங்கள், தெரியும். ஐ.சி.யு.வே தேவலை என்று ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் வந்தவர் வியர்த்து விறுவிறுத்திருந்தார். ஒரு காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். துரையைப் பாத்தேன். நீ எவ்வளவு சாப்பிட்டிருக்கேன்னு டாக்டருக்குத் தெரியணுமே, நீ ஒரு கட்டு ரெண்டு கட்டுன்னு சொல்லிண்டிருப்பே. வாரத்துக்கு ரெண்டு தடவை வாங்கியிருக்கே, தடவைக்கு அரைக்கிலோ. அதுல பச்சைதான் முக்காலும். ஆரம்பத்துல கம்மி, போகப் போகக் கூடியிருக்கு."

மூன்று நாளில் இவர் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு இதுதான். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முப்பத்திரண்டு வருஷமாவா ஆசை இருந்தது?" என்றார்.

"ஆமா."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா சரின்னிருப்பேளா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். வெகு நேரம் யோசித்தார். "மாட்டேன்," என்றார்.

"அப்பறம்?"

இவர் எழுந்து ஃப்ளாஸ்கைக் கழுவப் போனார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டரும் டயட்டீஷியனும் சேர்ந்து வந்தார்கள். இவருடைய ஞாபக சக்தி டெஸ்ட் வேண்டாம், மாத்திரை டப்பா அவர் கையிலேயே இருக்கட்டும் என்றாள் டாக்டர். அதோடு புனே பேச்சும் நின்றது. இவர் டப்பாவை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, லீக்ஸ் விஷமொண்ணும் இல்ல. நல்ல சத்துள்ள சாமானாக்கும். திடீர்னு கூட்டறதும் திடீர்னு நிறுத்தறதும்தான் ப்ராப்ளம். ஏதாவது ஒண்ணு தீர்மானம் பண்ணணும். சாப்பிடறதா இருந்தா கொஞ்சமா, தினம் ஒரே அளவு, மாறவே கூடாது. வேண்டாம்னா தீரவே வேண்டாம். எதுவானாலும் அதுக்கேத்த மாதிரி டோஸை நான் சரியாக்கித் தரேன். மாசாமாசம் ரத்தம் பாக்கணும், அதுல சமாதானமே கிடையாது. நீங்கதான் சொல்லணும். சாப்பிடறீங்களா, வேண்டாமா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். இவரும் பழையபடி பேசுவார். நாக்கு நுனி வரை வந்தது அந்த வார்த்தை. இவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார், வெளியே வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி. சாப்பிடுகிறாயா என்று என்னை ஒருத்தர் கேட்டு, நான் பதில் சொல்ல வேண்டி வந்தது அந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

"சாப்பிடறேன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சாப்பிடறேன் டாக்டர்."

"எவ்வளவு?" என்றாள் டயட்டீஷியன், பேனாவை எடுத்து.

"ஒரு கைப்பிடி."

"கைப்பிடி போறாது அம்மா. கிராம்ல வேணும். தினம் முப்பது கிராம்னு எழுதட்டுமா?"

நான் தலையாட்டினேன். அவள் எழுத ஆரம்பித்தாள். ஜன்னல் பக்கத்திலிருந்து இவர் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டிலருகே வந்து அந்தத் தாளைக் குனிந்து பார்த்தார்.

"முப்பது கிராம்னு எழுதறேளே," என்றார் அவளிடம். "அது நறுக்கறதுக்கு முன்னாடியா, வெந்தப்பறமா?"